மிச்சக் கரைசல்

எங்கள் ஊரில் தண்ணீர்க் குடத்தை யாரும் கவிழ்த்து வைத்து நான் பார்த்ததில்லை. ராமநாதபுரம் மாவட்டத்துச் சிக்கல் என்கிற ஊருக்குத் தெற்கே, கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கிற ஊர். போர் போட்டால் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர்தான் வரும். கண்மாய்க்குள் தோண்டிய ஊற்றில் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு நிரப்பி, தள்ளுவண்டியில் ஆறு குடம் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவோம். வந்ததும் நேற்றைய மிச்சத்தின் மேலேயே புதுசை ஊற்றுவோம். பழசைக் கொட்டிவிட்டுப் புதுசை ஊற்றுகிற வழக்கம் ஒன்று உலகத்தில் இருப்பதே எம்.எஸ்ஸி. முடித்து லேப் வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். தெரிந்தது, ஆனால் கைக்கு ஏறவில்லை. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. செய்த தப்பைச் சொல்லும்போது அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற சாலையில் இருந்தது அந்த லேப். தனியார் லேப். ஏற்றுமதிக்குப் போகிற இறாலையும் மீனையும் சோதித்து அறிக்கை கொடுப்போம். பதினோரு வருடம் அங்கே இருந்தேன். அதில் ஒன்பது வருடம் ஒரே மெஷினோடு. கல்யாணம் கட்டியிருந்தால்கூட ஒரு ஆளோடு அத்தனை நேரம் உட்கார்ந்திருப்பேனா தெரியாது என்று உடன் வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள்.

மெஷின் செய்கிற வேலை இதுதான். சுண்டுவிரல் பருமனில் ஒரு எஃகுக் குழாய். அதற்குள் மாவைவிட நைசான ஒரு தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். ஒரு பம்பு, மெத்தனாலும் தண்ணீரும் கலந்த கரைசலை அந்தக் குழாய் வழியாக விடாமல் தள்ளும். அரைத்து வடிகட்டிய இறாலின் சாற்றில் ஒரு துளியை அந்த ஓட்டத்தில் செலுத்தினால், சாற்றில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் தூளில் ஒட்டி ஒட்டி, தன் வேகத்துக்குத் தகுந்த மாதிரி ஒவ்வொன்றாக மறுமுனையில் வெளியே வரும். வரும்போது திரையில் ஒரு மேடு எழும். பீக் என்போம்.

மெஷின் எந்தப் பொருளுக்கும் பெயர் சொல்லாது. எத்தனை நிமிடத்தில் வந்தது என்று மட்டும்தான் சொல்லும். அதனால் காலையில் முதல் வேலையாக, இறாலில் இருக்கவே கூடாது என்று தடை செய்யப்பட்ட, ஆனாலும் சிலர் தீவனத்தில் கலந்துவிடுகிற ஒரு மருந்தைச் சுத்தமாகச் செலுத்தி, அது வருகிற நேரத்தைக் குறித்துக்கொள்வோம். பெரும்பாலும் ஒன்பது நிமிடம் பத்து விநாடி. அன்றைக்கு எந்த வளர்ப்புக் குட்டையிலிருந்து வந்த இறாலிலாவது அதே நேரத்தில் பீக் எழுந்தால் மருந்து இருக்கிறது என்று எழுதிவிடுவோம். எட்டரை நிமிடத்திலும் ஒன்று வரும். அது இறாலின் உடம்பிலேயே இருக்கிற ஏதோ ஒன்று. சில குட்டைகளின் இறாலில் பெரிதாக இருக்கும், சிலதில் இருக்கவே இருக்காது. அதை நாங்கள் யாரும் கண்டுகொண்டதில்லை.

எல்லாமே அந்தக் கரைசலின் கையில் இருக்கிறது. நாங்கள் அறுபது பங்கு மெத்தனால், நாற்பது பங்கு தண்ணீர் கலப்போம். மெத்தனால் கூடிப்போனால் எல்லாம் அவசரம் அவசரமாக ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வெளியே வரும், பிரித்துப் பார்க்க முடியாது. தண்ணீர் கூடிப்போனால் ஒவ்வொன்றும் குழாயை விட மனமில்லாமல் தாமதிக்கும். இரண்டு சதவீதம் மாறினாலே முக்கால் நிமிடம் தள்ளிப்போய்விடும். இன்னொரு விசித்திரமும் உண்டு. தண்ணீர் தனியாக லேசாக ஓடும். மெத்தனால் அதைவிட லேசு. இரண்டையும் கலந்தால் மட்டும் இரண்டையும்விடக் கெட்டியாகிவிடும். பாதிக்குப் பாதி நெருங்க நெருங்க பம்பு திணறும், பிரஷர் ஏறும். ஆகையால் திரையில் தெரிகிற பிரஷரைப் பார்த்தே உள்ளே போவது சரியான கலவைதானா என்று சொல்லிவிடலாம். பரீட்சையில் கேட்டிருந்தால் பத்துக்குப் பத்து வாங்குகிற மாதிரி எழுதியிருப்பேன்.

கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், சாயங்காலம் மிஞ்சியதைக் கழிவுக் கேனில் கொட்டிவிட வேண்டும், பாதி தீர்ந்த பாட்டிலில் மேலே ஊற்றவே கூடாது. இது சுவரிலேயே ஒட்டியிருந்த விதி. எனக்கு அந்த விதியைப் பார்த்தாலே எரிச்சல் வரும். எங்கள் சுத்திகரிப்புக் கருவி ஒரு பங்கு நல்ல தண்ணீர் கொடுக்க மூன்று பங்கு தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பும். அந்த மூன்று பங்கையும் நான் வாளி வைத்துப் பிடித்துத் தரை கழுவக் கொடுப்பேன். லேபில் எனக்குத் 'தண்ணி அக்கா' என்று பெயர். அப்படிக் கிடைத்த தண்ணீரில் கலந்த அரை லிட்டர் கரைசலைச் சாயங்காலம் கேனில் கவிழ்க்க என் கை வராது. ஒரு பாட்டிலில் ஊற்றி, மூடியை லேசாகத் திருகி, மேஜைக்கு அடியில் வைத்துவிடுவேன். ஆத்திர அவசரத்துக்கு எடுத்து ஊற்றுவேன். ஒன்பது வருடத்தில் அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோதனைக்கு இறால் கொண்டுவருகிறவர்களில் ஒரு பாய் இருந்தார், தேவிபட்டினத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். வளைகுடாவில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலையில் பதினான்கு வருடம் பம்பு பார்த்தவர். போதும் என்று திரும்பி வந்து, தம்பியோடு சேர்ந்து உப்பூருக்குப் பக்கத்தில் இறால் குட்டை போட்டிருந்தார். இவர் மோட்டார், மின்சாரம், தண்ணீர் பார்ப்பார். தம்பி தீவனம் போடுவார். அறுவடைக்கு முன்னால் சோதனைக்கு இறாலை ஐஸ் பெட்டியில் வைத்து அவரே கொண்டுவருவார். வந்தால் மெஷின் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேட்பார். வெளியாட்களை விடக் கூடாதுதான். ஆனாலும் பம்பு பற்றிப் பேச எனக்கு வேறு ஆள் கிடையாது. மற்றவர்கள் எல்லாம் ரிசல்ட் என்ன என்று மட்டும்தான் கேட்பார்கள். அதனால் அவரை உள்ளே விடுவேன். எனக்கு அவரைப் பிடிக்கும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவர் சாம்பிள்தான் கடைசி. வெயில் கொளுத்துகிற மாதம், ஏசி இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. அவர் சாம்பிளைச் செலுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் பார்த்தால் பாட்டிலில் இரண்டு விரல் உயரத்துக்குத்தான் கரைசல் இருந்தது. புதிதாகக் கலந்து, வடிகட்டி, காற்றைப் போக்க முக்கால் மணி நேரமாகும். மேஜைக்கு அடியில் மூன்று நாள் மிச்சம் இருந்தது. குனிந்து எடுத்து ஊற்றினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"பிரஷர் ஏன் தங்கச்சி ஏறிருச்சு? காலையிலேருந்து நூத்தி அறுபதுல நின்னுச்சு. இப்ப நூத்தி அறுபத்தெட்டு காட்டுது."

"ஃபில்டர்ல அழுக்கு பாய். இந்த ஊரு தண்ணிக்கு அடிக்கடி அப்படித்தான் ஆகும்."

"அழுக்குன்னா மெள்ள மெள்ளல்ல ஏறும்? இது ஒரே தூக்கா ஏறி அங்கனயே நிக்குது. எங்க பிளான்ட்ல உள்ள வர்ற தண்ணி மாறுனாத்தான் இப்படி ஏறும். நீங்க இப்ப ஊத்துனது வேறயோ?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அவர் சொன்னது தப்பாக இருந்திருந்தால் சிரித்திருப்பேன். சரியாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியதால்தான் அந்தக் கோபம் என்று இப்போது தெரிகிறது.

"பாய், நீங்க பாத்த பம்பு வேற, இது வேற. உங்க குட்டைல வந்து நான் ஏதாச்சும் சொன்னேனா? வெளிய போய் உக்காருங்க. முடிஞ்சதும் கூப்பிடுறேன்."

"கோவிச்சுக்கிறாதீங்க தங்கச்சி, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது நிமிடம் பத்து விநாடியில் பீக் எழுந்தது. மறுபடி செலுத்தினேன். மறுபடியும் அதே இடம். முடிவில் மருந்தை இன்னொரு முறை சுத்தமாகச் செலுத்தி, காலையில் வந்த நேரத்திலேயே வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இன்னும் இருபது நிமிடமும் அத்தனை நேரத்துக்கான கரைசலும் செலவாகும். ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து ரிசல்ட் கேட்டு சாருக்கு இரண்டு முறை போன் வந்துவிட்டது. எங்கள் லேப் பொறுப்பாளரைத்தான் சார் என்கிறேன். இரண்டு முறையும் ஒரே இடத்தில் வந்திருக்கிறதே, மூன்றாவது எதற்கு என்று விட்டுவிட்டேன். மருந்து உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பாயைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் கத்தவில்லை. காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நாங்க எந்த மருந்தும் வாங்கவே இல்லியே தங்கச்சி" என்றார். பிறகு, "தீவனம் எல்லாம் தம்பிதான் பாக்குறான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த இரண்டாவது வாக்கியத்தை அன்று நான் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

கம்பெனி இறாலை எடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் மறு சாம்பிள் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்ப முடியும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை இறால் குட்டையிலேயே கிடந்தது. இடையில் இரண்டு நாள் மழை. மழைக்குப் பின்னால் வெண்புள்ளி நோய் வந்தது. அது வந்துவிட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காது, இறால் கரையோரமாக வந்து செத்துச் செத்து ஒதுங்கும். வெளியூர் லேபிலிருந்து மருந்து இல்லை என்று அறிக்கை வந்தபோது குட்டையில் உயிரோடு ஒன்றும் இல்லை. அந்த அறிக்கையையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரத்தில் மருந்து உடம்பிலிருந்து வெளியேறியிருக்கும், அவ்வளவுதான் என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து ஆடிட் வந்தது. பழைய பதிவுகளையெல்லாம் அச்செடுத்துக் கோப்பில் வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு நாளின் பிரஷர் கோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டே வந்தேன். ஃபில்டர் அடைத்த நாட்களில் கோடு சாய்வாக ஏறியிருந்தது, மணிக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக. அந்த வெள்ளிக்கிழமைக் கோடு மட்டும் காலை முழுக்கப் படுத்துக் கிடந்து, பன்னிரண்டே முக்காலுக்குச் செங்குத்தாக எழுந்து, அந்த உயரத்திலேயே மறுபடி படுத்திருந்தது. பாய் சொன்னது அப்படியே காகிதத்தில் இருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

லேபில் ஒவ்வொரு சாம்பிளிலும் கொஞ்சத்தை உறைய வைத்திருப்போம். மறுநாள் அவருடையதை எடுத்து, புதுக் கரைசல் கலந்து செலுத்தினேன். எட்டரை நிமிடத்தில் பீக் எழுந்தது. ஒன்பது பத்தில் ஒன்றுமே இல்லை, கோடு சும்மா போனது. பிறகு வேண்டுமென்றே மெத்தனாலை இரண்டு சதவீதம் குறைத்துக் கலந்து செலுத்தினேன். அதே பீக் ஒன்பது பத்துக்கு நகர்ந்து போய் நின்றது. பிரஷர் நூற்று அறுபத்தெட்டு. ஏசி இல்லாத வெக்கையில், லேசாகத் திருகிய மூடி வழியாக மெத்தனால் ஆவியாகிப் போயிருக்கிறது. தண்ணீர் தங்கிவிட்டது. யாரும் கண்டுகொள்ளாத அந்த இறாலின் சொந்தச் சரக்கை மருந்தின் இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சாரிடம் சொன்னேன். மதுரைக்காரர், கெட்ட மனிதர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"ஏம்மா, ரெண்டாவது ரிப்போர்ட்டுதான் கிளீன்னு வந்துருச்சே. குட்டையும் போயிருச்சு. இப்பப் போய்ச் சொன்னா செத்த இறாலு எந்திரிச்சு வருமா? லேபை இழுத்து மூடுவாங்க. இருபது பேரு வீட்டுல உக்காரணும். பேசாம ஃபைலை மூடு."

சரி சார் என்றேன். வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது. முடிவெடுத்தது நானில்லை, சார். இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன். மூன்றாம் நாள் மேஜைக்கு அடியில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கேனில் கொட்டினேன். கடைசி பாட்டிலைக் கவிழ்க்கும்போது, யாருக்குப் பயந்து இதைக் கொட்டுகிறோம் என்று தோன்றியது. அதற்கப்புறம் நிம்மதி இல்லை. என் கையாலேயே எல்லாவற்றையும் எழுதி, இரண்டு பீக்குகளின் அச்சையும் சேர்த்து, ஒரு பிரதியைச் சார் மேஜையில் வைத்தேன். வேலை அன்றோடு போயிற்று. இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை உப்பூர் பஸ் ஏறினேன்.

அனல்மின் நிலையத்துக்காகச் சுற்றி வளைத்த நிலத்தைத் தாண்டி இறங்கி, கடல் பக்கமாக நடந்தேன். குட்டை வற்றிக் கிடந்தது. அடியில் பிளீச்சிங் பவுடர் தூவி வெள்ளையாக இருந்தது. கரையில் தண்ணீரை அடிக்கிற துடுப்புச் சக்கரங்களைக் கழற்றி அடுக்கியிருந்தார்கள். பாய் தனி ஆளாகக் குழாய்களை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டால் ஒரு குழாயைத் துடைத்து, "உக்காருங்க தங்கச்சி. இங்கன நிழலே இல்ல" என்றார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மேஜைக்கு அடியில் இருந்த பாட்டில், மூடி, மெத்தனால், கடைசியில் செலுத்தாமல் விட்டது, எல்லாம். காகிதங்களைக் கொடுத்தேன். அவர் பிரஷர் கோட்டைத்தான் முதலில் பார்த்தார். அந்தச் செங்குத்தான இடத்தில் விரலை வைத்தார்.

"எத்தன சதவீதம் மாறுச்சு?"

"ரெண்டு."

"ரெண்டு" என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு குட்டையைப் பார்த்தபடி பேசினார்.

"குட்டை போனது அல்லா நாட்டம். ஒயிட் ஸ்பாட் யாருக்கும் வரும். என் தம்பியத்தான் தங்கச்சி... தீவனத்துல நீதான் எதையோ கலந்துட்டன்னு சொன்னேன். இல்லேன்னான். பள்ளிவாசலுக்குக் கூட்டிட்டுப் போயி, நாலு பெரிய மனுசங்க முன்னால சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணுனான். பண்ணுன பெறகும் நான் நம்பல. உங்க காகிதம் கையில இருந்துச்சுல்ல. சத்தியத்தையே பொய்யாப் பண்றான்னு எல்லாருக்கும் முன்னாலயும் சொல்லிட்டேன்."

தம்பி அன்று சாயங்காலமே பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு தொண்டியில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டாராம். ஊரில் அவரைப் பள்ளியில் பொய்ச் சத்தியம் செய்தவன் என்றே பேசுகிறார்களாம். பஸ்ஸில் வரும்போது செத்த இறால்களை மட்டும்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

பாய் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டார். "என் நம்பர எடுக்க மாட்டான்" என்றார். என் போனில் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்றேன். நம்பரைச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன். உடனே எடுத்தார்.

"யாருங்க?"

"ராமநாதபுரம் லேபுல வேலை பாத்தவ பேசுறேன். உங்க இறாலைச் சோதிச்சது நான்தான். அதுல மருந்தே இல்ல. தப்பு முழுக்க என்னோடது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. உங்க அண்ணன்கிட்ட இப்ப எல்லாத்தையும் காட்டிட்டேன். எழுதியும் குடுத்துட்டேன்."

மறுமுனையில் ஒரு குழந்தை சிணுங்குகிற சத்தம் மட்டும் வந்தது.

"காக்கா பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு."

"நம்பிட்டாராமா?"

"நம்பிட்டாரு. காகிதத்தப் பாத்துட்டாரு."

"அப்ப ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அன்னிக்கும் காகிதத்தத்தான் நம்புனாரு. இன்னிக்கும் காகிதத்தத்தான் நம்புறாரு. நான் சொன்னத என்னைக்கு நம்புவாருன்னு கேளுங்க."

பாய் கையை நீட்டிப் போனை வாங்கினார். வாய்ப்பக்கம் கொண்டுபோனார். குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே அவர் குட்டைக்கரையில் நின்றார். கொஞ்ச நேரத்தில் தம்பி போனை வைத்துவிட்டார்.